அந்த ஒலிப்பதிவு ஒன்றரை வருடம் யார் கையில் இருந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கும் மேலாக உங்கள் நாளிதழை வாங்கிப் படிப்பவள் நான். இதுவரை ஒரு வரிகூட எழுதிப் போட்டதில்லை. இந்த மாதம் ஒன்பது நாள் விடாமல் உங்கள் முதல் பக்கத்தில் வந்த செய்திதான் என்னை எழுத உட்கார வைத்தது. பதவியில் இருக்கும் ஒரு தலைவருக்கும் ஒரு பெண்ணுக்கும் இருந்த உறவு பற்றிய செய்தி அது. இருவர் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கும் தெரியும், உங்கள் வாசகர்களுக்கும் தெரியும்.

அந்த ஒன்பது நாள் இதழ்களையும் எடுத்துவைத்து மறுபடி ஒருமுறை படித்தேன். இருவரும் தொலைபேசியில் பேசியது வரி வரியாக வந்திருந்தது. எங்கே சந்தித்தார்கள், எத்தனை முறை, அந்தப் பெண்ணின் கணவர் என்ன வேலை பார்க்கிறார், எல்லாம் இருந்தது. நான்காம் நாள் ஏழாம் பக்கத்தில், செய்தியின் கடைசிப் பத்தியில் மட்டும் இப்படி ஒரு வரி: இந்த ஒலிப்பதிவு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே ஒருவரிடம் இருந்ததாகக் கூறப்படுகிறது. அதோடு சரி. மறுநாள் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குப் பின் வந்த நான்கு நாளிலும் இல்லை.

என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிதான் செய்தி. ஒன்றரை வருடம் அதை வைத்துக்கொண்டு அந்த ஒருவர் என்ன செய்தார்? யாரிடம் போட்டுக் காட்டினார்? என்ன கேட்டார், என்ன வாங்கினார்? எது கிடைக்காமல் போன பிறகு அதை வெளியே விட்டார்?

இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. நான் சுருக்கெழுத்துத் தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்தவள். ஓய்வு பெறும் முன் கடைசிப் பதினொரு வருடம் பதவியில் இருந்த ஓர் அரசியல்வாதியிடம் பி.ஏ.வாக இருந்தேன். அவருக்கு வருகிற தபாலைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி மேசையில் வைப்பது என் வேலை. 'நேரில்' என்று எழுதியிருக்கும் உறைகளை மட்டும் பிரிக்காமல் வைப்பேன்.

ஒருநாள் ஒரு பழுப்பு உறை வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. 'நேரில் மட்டும்' என்ற எழுத்துகளை அளவுகோல் வைத்துக் கோடு கோடாக இழுத்திருந்தார்கள், கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. அதை வைத்துவிட்டு வந்தேன். கால்மணி நேரம் கழித்துக் கடிதங்களில் கையெழுத்து வாங்க உள்ளே போனபோது உறை பிரிந்து கிடந்தது. ஒரு புகைப்படம் குப்புறக் கவிழ்ந்திருந்தது. அதன் முதுகில் ஒரு தேதி மட்டும் எழுதியிருந்தது. நான் நீட்டிய கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். மை வரவில்லை. அதே இடத்தில் மறுபடியும் போட்டார். பேனாவின் மூடியைக் கழற்றவே இல்லை. "ஐயா, மூடி" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு கோப்பு சுற்றிக்கொண்டிருந்தது. பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நிலத்தைத் தனியாருக்கு விடக் கேட்ட கோப்பு. அதை அவர் இரண்டு முறை மறுத்து எழுதியிருந்தார். இரண்டு குறிப்பையும் அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்தவள் நான்தான். இரண்டாவது குறிப்பில் 'எக்காரணம் கொண்டும்' என்ற சொற்களுக்குக் கீழே கோடு போடச் சொன்னார். உறை வந்த பதினோராம் நாள் அந்தக் கோப்பு மூன்றாவது முறையாக மேசைக்கு வந்தது. புதிதாக ஒரு தாள்கூட அதில் சேர்ந்திருக்கவில்லை. "முந்தைய குறிப்பு மறுபரிசீலனை செய்யப்பட்டது, அனுமதிக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

அவர் பணம் வாங்குபவர் இல்லை. இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் இதைச் சத்தியம் செய்து சொல்வேன். வீட்டுக்கு வந்த ஒரு தட்டுப் பழத்தைக்கூடத் திருப்பி அனுப்பிய மனிதர். பணத்துக்கு மசியாத அவரை ஒரு போட்டோ மசிய வைத்தது.

அப்புறம் உறை எதுவும் வரவில்லை, தேவைப்படவில்லை. ஓர் ஆள் வருவார். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுத மாட்டார், நாற்காலி காட்டினால் உட்கார மாட்டார். ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். அவர் வந்துபோன வாரத்தில் ஏதாவது ஒரு கோப்பு நகரும், அல்லது ஏதாவது ஓர் அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு போகும். நான் அறிந்தே நான்கு முறை நடந்தது. மூன்றாவது வருடம் அவர் கேட்ட ஏதோ ஒன்றைச் செய்ய முடியாமல் போயிற்று. மறுவாரமே படம் பத்திரிகையில் வந்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். படத்தில் அவரோடு இருந்த பெண் வேலையை விட்டார். குடும்பமே ஊரைக் காலி செய்தது. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் வருடத்தின் நடுவில் படிப்பை நிறுத்தினாள். நான் பணிபுரிந்த தலைவர் பதவியை விட்டு இறங்கினார். அடுத்த தேர்தலுக்கு அடுத்த தேர்தலில் மாலையும் மேளமுமாகத் திரும்பி வந்தார். அந்த ஆள்? அந்த நிலத்தில் கட்டடம் எழும்பித் திறப்பு விழா அழைப்பிதழ் எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. அதையும் பதிவேட்டில் ஏற்றினேன். எந்தப் பத்திரிகையும் அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கோப்பு எண், தேதி, மூன்று குறிப்புகள், எல்லாம் என் சுருக்கெழுத்து நோட்டில் இருந்தன. வேலை போய்விடும், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்தை நினைத்து இன்றைக்கும் தூக்கம் வராத இரவுகள் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து இந்த மாதிரி விவகாரங்களைத் தேடித் தேடிப் படித்தேன். நான் பார்த்தது எனக்கு மட்டும் நேர்ந்த அதிசயமா என்று தெரிந்துகொள்ளத்தான். இல்லை என்று தெரிந்தது.

அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்டுப் போராடிய பார்னெல் கதையை எல்லாரும் ஒரு காதல் கதையாகவே சொல்கிறார்கள். 1880இல் கேதரின் ஓஷே என்ற பெண்ணோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. அந்தப் பெண்ணின் கணவர் கேப்டன் ஓஷே பார்னெலோடு நாடாளுமன்றத்தில் இருந்தவர். விஷயம் தெரிந்தும் தெரியாதவர்போல இருந்தார் என்பதுதான் வரலாறு எழுதியவர்களில் பலருடைய கருத்து. 1886 பிப்ரவரியில் கால்வே தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. ஓஷே கட்சியின் உறுதிமொழியில் கையெழுத்துப் போட மறுத்தவர். ஆனாலும் பார்னெல் அவரைத்தான் வேட்பாளர் என்றார். கட்சியின் முன்னணித் தலைவர்களான பிகரும் ஹீலியும் கால்வேக்கே போய் எதிர்த்தார்கள். பார்னெல் நேரில் போய் அவர்களை அடக்கி, ஓஷேவை ஜெயிக்க வைத்தார். அந்த இடம் வாயை மூடிவைப்பதற்குக் கொடுத்த விலை என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்து, அவர்கள் உயிரைக் கொடுத்துப் போராடிய தன்னாட்சி மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது அதே ஓஷே வாக்களிக்காமல் போனார். மசோதா 30 வாக்கில் தோற்றது. அவர் ஒருவர் வாக்கால் அது பிழைத்திருக்காதுதான். ஆனால் ஒரு கட்சி எந்த வேலைக்காக ஒரு தொகுதியை வைத்திருக்கிறதோ, அந்த வேலைக்கு அந்தத் தொகுதி அன்று உதவவில்லை.

ஓஷே விவாகரத்து கேட்டது 1889 டிசம்பரில். மனைவியின் பணக்கார அத்தை இறந்து, எதிர்பார்த்த சொத்து அவர் நினைத்தபடி கைக்கு வராமல் போன அதே வருடம். 1890 நவம்பரில் தீர்ப்பு வந்தது, டிசம்பரில் கட்சி உடைந்தது, 1891 அக்டோபரில் பார்னெல் 45 வயதில் இறந்துபோனார். உறவால் கட்சி உடைந்தது என்று எழுதுகிறார்கள். அந்த உறவு பத்து வருடம் இருந்தது. கட்சிக்காரர்கள் பலருக்கு அது தெரியவும் தெரியும். அதை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டிய வரைக்கும் மூடி, வேண்டாதபோது திறந்தார். அந்தப் பகுதியை ஏன் யாரும் அழுத்திச் சொல்வதில்லை?

இன்னொருவர் அமெரிக்காவின் முதல் கருவூலச் செயலர் ஹாமில்டன். 1791இல் மரியா ரெனால்ட்ஸ் என்ற பெண்ணோடு தொடர்பு. கணவன் ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் கண்டுபிடித்து 1,000 டாலர் கேட்டான். ஹாமில்டனுடைய வருடச் சம்பளமே 3,500 டாலர்தான். டிசம்பர் 22ஆம் தேதி 600, ஜனவரி 3ஆம் தேதி 400 என்று இரண்டு தவணையாகக் கொடுத்தார். ரெனால்ட்ஸ் அதற்கு ரசீது எழுதிக் கொடுத்தான். அந்த ரசீதுகள் இன்றும் வரலாற்றில் இருக்கின்றன. பதிவேட்டோடு வாழ்ந்தவள் என்பதால் அந்த ரசீது விஷயத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கருவூலத்தில் எழுத்தர் வேலையும் கேட்டான், ஹாமில்டன் கொடுக்கவில்லை. 1797இல் அவர் அரசுப் பணத்தில் சூதாடினார் என்று எதிரிகள் எழுதியபோது அவரே 95 பக்கத்தில் எல்லாவற்றையும் அச்சிட்டு வெளியிட்டார். தவறான உறவு உண்மை, அரசுப் பணத்தில் கைவைத்தது பொய் என்றார். பதவியை அவன் கையில் கொடுக்காததற்கு அவரை மதிக்கிறேன். ஆனால் அந்தப் புத்தகம் வந்த அதே ஆகஸ்டில்தான் அவர் மனைவி எலைசாவுக்குக் குழந்தை பிறந்தது. அந்த அம்மாள் அந்த மாதத்தை எப்படிக் கடந்தார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

"இது அவர்கள் சொந்த விஷயம், விட்டுவிடுங்கள்" என்று சொல்கிற நல்லவர்களும் உண்டு. உங்கள் வாசகர் பகுதியிலேயே போன வாரம் இரண்டு பேர் அப்படி எழுதியிருந்தார்கள். பிரான்சில் பத்திரிகைகள் வெகுகாலம் அப்படித்தான் இருந்தன. மித்தரான் 1981இல் குடியரசுத் தலைவராக வந்தபோது அவருக்குத் திருமணத்துக்கு வெளியே ஏழு வயதை எட்டும் ஒரு மகள் இருந்தாள். அவள் படம் அச்சில் வந்ததே 1994 நவம்பரில்தான். நாகரிகம் என்று பாராட்டலாம். ஆனால் 1983இலிருந்து 1986 வரை அவருடைய மாளிகையில் ஒரு தனிப் பிரிவு பத்திரிகையாளர்கள், எழுத்தாளர்களின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டது. அப்படி ஒட்டுக்கேட்கப்பட்ட எழுத்தாளர்களில் ஒருவர் இந்த மகள் விஷயத்தை வெளியிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். 2005இல் அந்தப் பிரிவோடு சம்பந்தப்பட்டவர்கள் சிலரைப் பாரிஸ் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. ஒரு வீட்டு ரகசியத்தைக் காப்பாற்ற அரசாங்கக் காது ஊரார் பேச்சைக் கேட்டிருக்கிறது. அது எப்படிச் சொந்த விஷயம் ஆகும்?

ஆகவே நான் மூடி மறைக்கச் சொல்லவில்லை. அந்த ரகசியத்தால் எந்தக் கோப்பு நகர்ந்தது, எந்தப் பதவி யாருக்குப் போனது, சபையில் யார் பொய் சொன்னார்கள், அதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதுங்கள். இருவர் தனியாகப் பேசிக்கொண்ட கொஞ்சல் எனக்கு எதற்கு? அதைப் படித்து நான் எந்த ஓட்டைச் சரியாகப் போடப்போகிறேன்? அப்படிப் பேச்சை அச்சிட அச்சிட, அடுத்த பழுப்பு உறைக்கு விலை ஏறுகிறது. "நாளை ஊரே படிக்கும்" என்பதுதானே மிரட்டுகிறவனின் முதலீடு. அந்த முதலீட்டை அவனுக்குக் கொடுப்பது நாம்தான், அச்சிடுகிற நீங்களும் முந்திக்கொண்டு வாங்கிப் படிக்கிற நாங்களும்.

உங்கள் தலைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது நாளில் ஆறு நாள் அந்தப் பெண் உங்கள் தலைப்பில் 'கள்ளக்காதலி'. அந்த மனிதர் ஒன்பது நாளும் 'பிரமுகர்', 'தலைவர்'. அவருக்கு அந்த மாதிரி ஒரு பெயர் உங்களிடம் இல்லையா? பிரிட்டனில் 1963இல் புரொஃப்யூமோ என்ற போர்த்துறை அமைச்சர் கிறிஸ்டீன் கீலர் என்ற பெண்ணோடு இருந்த உறவைப் பற்றி நாடாளுமன்றத்தில் பொய் சொல்லி, ஜூனில் பதவி விலகினார். பிறகு பல வருடம் தொண்டு செய்து நல்ல பெயரோடு இறந்தார். நல்லது. அந்த உறவு தொடங்கியபோது கீலருக்கு 19 வயது. வேறொரு வழக்கில் பொய்ச் சாட்சி சொன்னதற்காக அதே வருடம் ஒன்பது மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 2017இல் சாகும்வரை அந்த ஒரு விஷயத்தை வைத்தே உலகம் அவரை அழைத்தது. 1998இல் அமெரிக்காவில் வெளிவந்த விவகாரத்துக்கும் அந்த இளம்பெண்ணின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அதில் பதவியில் இருந்தவர் குடியரசுத் தலைவர் கிளின்டன், அந்தப் பெண் சம்பளமில்லாப் பயிற்சிக்கு வந்தவர்.

மூன்றாம் நாள் இதழில் அந்தப் பெண்ணின் படத்தைப் போட்டீர்கள். முகத்தை மங்கலாக்கியிருந்தீர்கள், சரி. ஆனால் அவர் நின்ற வாசலின் கதவு எண் தெளிவாக இருந்தது. பக்கத்தில் நின்ற சிறுவனின் பள்ளிச் சீருடை தெரிந்தது. என்னைப் போன்ற ஒரு கிழவிக்கு அது கண்ணில் பட்டது என்றால் அவர் தெருவில் எத்தனை பேருக்குப் பட்டிருக்கும்? பல வருடத்துக்கு முன் ஒரு பெண் படிப்பை நிறுத்தியதைச் சொன்னேன் அல்லவா, அந்தச் சிறுவனைப் பார்த்ததும் எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. அன்று இரவு சாப்பிடத் தோன்றவில்லை.

பதவியில் இருந்துகொண்டு இந்த வரிகளை யாராவது படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உறை வந்த அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். அது கொடுமையான இரவாக இருக்கும். மறுநாள் காலை அந்த உறையைக் காவல்துறையிடம் கொடுங்கள், மிரட்டிப் பறிப்பது குற்றம். எங்கள் ஐயா அன்றைக்குப் பேனாவை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், அவர் பதவி போயிருக்கலாம், அந்த நிலம் போயிருக்காது. அவர் மனைவிக்கும் மூன்று வருடம் கழித்து அதைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வந்திருக்காது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். மூன்றாம் நாள் படத்தை உங்கள் இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தாலும் சரி, பிரசுரிக்காவிட்டாலும் சரி. நான்காம் நாள் ஏழாம் பக்கத்தில் அந்தக் கடைசி வரியை எழுதிய நிருபரை மறுபடி அனுப்புங்கள். ஒலிப்பதிவு கைமாறிய அந்த ஒன்றரை வருடத்தில் அந்தத் தலைவரின் துறையில் முதலில் மறுத்து, பிறகு அனுமதித்த கோப்புகள் எவை என்று மட்டும் அவர் தேடிப் பார்க்கட்டும். பழைய குறிப்பும் புதுக் குறிப்பும் ஒரே கோப்பில் அடுத்தடுத்த தாள்களில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு தாளும் சேராமல் இருந்தால், அங்கே நின்று பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தட்டச்சு செய்தவர் யாரோ ஒருவர் இப்போது வீட்டில் உட்கார்ந்து உங்கள் பேப்பரைத்தான் படித்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுருக்கெழுத்துத் தட்டச்சர்

(என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். நான் சொன்ன அந்தப் பெண்ணும் அவர் மகளும் உயிரோடு இருக்கிறார்கள்.)